பழைய வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு பவர் கண்டிஷனர் தேவையா?

அடுக்குமாடியில் குடியிருந்துகொண்டு பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரில் பாட்டு கேட்பவர்கள் பலர் ஒரு கட்டத்தில் பவர் கண்டிஷனர், அதாவது கரண்டைச் சுத்தம் செய்து தருவதாக விற்கப்படும் பெட்டி, வாங்கலாமா என்று யோசிக்கிறார்கள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு அது தேவையில்லை. அந்தப் பணத்தை ஆம்ப்ளிஃபயரைச் சரிபார்க்கச் செலவழித்தால் காதுக்கே வித்தியாசம் தெரியும்.

அடுக்குமாடியில் கரண்ட் சுத்தமாக வருவதில்லை என்பது உண்மைதான். லிஃப்ட் மோட்டார், எல்இடி டிம்மர், வீட்டுக்கு வீடு சார்ஜர்கள் என்று எல்லாம் ஒரே கட்டடத்து லைனில் தொங்குகின்றன. ஆனால் வால்வு ஆம்ப்பின் பவர் சப்ளை எப்படி அமைந்திருக்கிறது என்று பாருங்கள். முதலில் கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர், அடுத்து ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் வால்வு, அப்புறம் கப்பாசிட்டர், சோக் என்ற கம்பிச்சுருள், மறுபடியும் கப்பாசிட்டர். இந்த வரிசையே ஒரு நல்ல ஃபில்டர். லைனில் வரும் இரைச்சலில் பெரும்பகுதி இங்கேயே அடங்கிவிடும்.

அப்படியானால் ஸ்பீக்கரில் கேட்கும் ரீங்காரம் எங்கிருந்து வருகிறது? அதைக் கண்டுபிடிக்கக் காது போதும். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஸ்பீக்கர் அருகே காதைக் கொண்டுபோங்கள். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் 100 ஹெர்ட்ஸில், கொஞ்சம் கரகரப்போடு கேட்டால் அது ஆம்ப்புக்குள்ளேயே ரெக்டிஃபயர் உண்டாக்கும் ஒலி. ஃபில்டர் கப்பாசிட்டர் காய்ந்துபோயிருக்கலாம். அதைவிட ஆழமாக, வழவழவென்று 50 ஹெர்ட்ஸில் கேட்டால் எர்த் லூப்பையோ (கருவிகள் ஒன்றுக்கு மேற்பட்ட வழியில் எர்த்தோடு இணைவது) வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் வயரிங்கையோ சந்தேகப்படலாம். வால்யூமைக் கூட்டும்போதுதான் ரீங்காரம் வருகிறது என்றால் ஆம்ப்புக்கு முன்னால் இருக்கும் கருவியிலோ கேபிளிலோ தேடுங்கள். கேபிள் டிவி வயரைக் கழற்றியதும் ரீங்காரம் நின்றால் அந்த வயருக்கு எர்த் இணைப்பைத் துண்டிக்கும் ஒரு ஐசொலேட்டர் போட்டால் போதும். இவற்றில் எதையும் சுவரில் மாட்டும் சாதாரண ஃபில்டர் பெட்டி சரிசெய்யாது.

நான் உண்மையிலேயே கவலைப்படுவது வோல்டேஜைப் பற்றி. 1959-இல் வந்த டைனாகோ எஸ்டி-70 என்ற அமெரிக்க வால்வு ஆம்ப் 117 வோல்ட்டுக்காகச் செய்யப்பட்டது. இன்று அமெரிக்காவில் 120 வோல்ட்தான் அளவு என்றாலும் பல வீடுகளில் 124, 125 என்று வருகிறது. 125 என்றால் 117-ஐவிட 7 சதவீதம் அதிகம். 6.3 வோல்ட் வேண்டிய ஹீட்டருக்கு 6.7 வோல்ட் போகிறது. 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும் பிளேட் வோல்டேஜும் அதே விகிதத்தில் ஏறுகிறது. வோல்டேஜோடு கரண்டும் ஏறினால் வால்வின் சூடு 7 சதவீதத்தையும் தாண்டிவிடும். அந்த ஆம்ப்பில் ஸ்பீக்கரை ஓட்டும் ஈஎல்34 வால்வின் பிளேட் தாங்குவது 25 வாட். அந்த எல்லைக்கு அருகிலேயே ஓடும் வால்வுக்கு இது நல்லதில்லை. பழைய டிரான்ஸ்ஃபார்மருக்கும் நல்லதில்லை, அது போனால் பல பழைய ஆம்ப்களுக்கு அதே மாதிரி இன்னொன்று கிடைப்பது கஷ்டம்.

இங்கேதான் கண்டிஷனர் விளம்பரங்கள் மேல் எனக்குக் கோபம் வருகிறது. விற்கும் பெட்டிகளில் பலவும் வோல்டேஜைத் தொடுவதே இல்லை. 125 உள்ளே போனால் 125 வெளியே வரும். மின்சாரத்தைப் புதிதாக உருவாக்கித் தரும் ரீஜெனரேட்டர் வகைகள் வோல்டேஜைச் சரிசெய்யும். ஆனால் விலையும் சூடும் அதிகம். வால்வு ஆம்ப் பாட்டு ஓடாத நேரத்திலும் நிறைய வாட் இழுத்துக்கொண்டே இருக்கும் என்பதை மறக்கக்கூடாது. இதே வேலையைச் சின்ன பக்கிங் டிரான்ஸ்ஃபார்மர் செய்யும். அதன் 6 அல்லது 12 வோல்ட் செகண்டரியை மெயின்ஸுக்கு எதிர் ஃபேஸில் சீரிஸாக இணைத்தால் அந்த அளவு வோல்டேஜ் குறைந்துவிடும். ஆம்ப் இழுக்கும் கரண்டைத் தாங்குவதாகப் பார்த்து, ஃப்யூஸோடு, தெரிந்த டெக்னீஷியனைக் கொண்டே செய்யுங்கள். அவரிடம் ஈஎல்34 சாக்கெட்டில் 2-ஆம் பின்னுக்கும் 7-ஆம் பின்னுக்கும் இடையே ஹீட்டர் வோல்டேஜை அளந்து காட்டச் சொல்லுங்கள். நீங்களே கைவைக்காதீர்கள், பக்கத்து 3-ஆம் பின்னில் உயிரைக் குடிக்கும் வோல்டேஜ் இருக்கிறது.

அவர் கழற்றிய கையோடு ஃபில்டர் கப்பாசிட்டர்கள், வால்வுகளுக்கு இடையே சிக்னலைக் கடத்தும், கசியும் பழைய கப்ளிங் கப்பாசிட்டர்கள், பயாஸுக்கான (வால்வின் கரண்டைக் கட்டுப்படுத்தும் வோல்டேஜ்) செலினியம் ரெக்டிஃபயர் எல்லாவற்றையும் பார்த்துவிடட்டும்.

கண்டிஷனரே வீண் என்று சொல்ல மாட்டேன். இசைத்தட்டு பிளேயரின் சிறிய சிக்னலைப் பெருக்கும் ஃபோனோ ஸ்டேஜ் விஷயம் வேறு. தட்டில் ஊசி தாங்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் தருவது சுமார் 5 மில்லிவோல்ட். அதை 100 மடங்கு பெருக்கும்போது கூடவே வரும் குப்பையும் 100 மடங்காகும். டிம்மரைத் திருப்பும்போது ஸ்பீக்கரில் இரைச்சல் மாறினால், ஃபோனோ ஸ்டேஜுக்கு மட்டும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் போட்டுப் பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. அப்போதும் குறையவில்லை என்றால் இரைச்சல் காற்று வழியாகவே கார்ட்ரிட்ஜ் காயிலில் ஏறலாம். அந்த டிம்மரை மாற்றுங்கள்.

சர்ஜ் புரொடெக்டர் கட்டாயம் வேண்டும். அதில் இருக்கும், திடீரென ஏறும் வோல்டேஜை வாங்கிக்கொள்ளும் எம்ஓவி என்ற பாகம் ஒவ்வொரு பெரிய அடியிலும் கொஞ்சம் தேயும் என்பதால் அதையும் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். வழவழப்பான அலைக்குப் பதில் படிப்படியான ஸ்டெப் அலை தரும் மலிவான இன்வெர்ட்டரில் பழைய ஆம்ப்பை ஓட்டாதீர்கள், டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடேறும். ரீங்காரம் போக வேண்டும் என்று எர்த் பின்னை வெட்டும் பழக்கம் மட்டும் தயவுசெய்து வேண்டாம். உள்ளே ஏதாவது ஷார்ட் ஆனால் உலோகச் சேசிஸ் முழுக்க மெயின்ஸ் வந்துவிடும்.