ஊட்டுவதும் நாமே, அடிப்பதும் நாமே

நேற்று ராத்திரி எட்டரைக்கு எதிர் ஃபிளாட்டில் மறுபடி ஆரம்பித்துவிட்டது. "ஆ காட்டு, ஆ காட்டு, காட்டலேன்னா போனைப் புடுங்கிடுவேன்." அந்தப் பையனுக்கு நாலு வயது. கடைசி வாயைக் கக்கிவிட்டான் போல, பளார் என்று ஒரு சத்தம், அப்புறம் அழுகை. பெரம்பூரில் எங்கள் தெருவில் சாப்பாட்டு நேரம் என்றாலே இந்தக் கச்சேரிதான்.

என் வீட்டிலும் இதே கதை என்பதால்தான் இவ்வளவு எரிச்சல். மகளுக்கு மூணே முக்கால் வயது. தட்டில் இட்லியை வைத்து உட்கார வைத்தால் அவளே பிய்த்துத் தின்பாள், பாதி தரையில் விழும், சாம்பார் முழங்கை வரை வழியும், அரை மணி நேரம் ஆகும். ஆகட்டுமே! துடைக்கப்போவது நான்தானே. அத்தைக்குத்தான் பொறுக்காது. தட்டைப் பிடுங்கி, போனில் பாட்டைப் போட்டு, மூணு இட்லியை உள்ளே தள்ளிவிட்டு, "பாத்தியா, எப்படிச் சாப்புட்டா" என்று எனக்குப் பாடம் வேறு. இந்த வயதுக்கு ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-லேயே சொல்லிவிட்டது. எங்கள் வீட்டில் மூணு வேளைச் சாப்பாட்டிலேயே அது தீர்ந்துவிடும்.

கேட்டால், பிள்ளை இளைச்சுப் போச்சாம். முதல் வருஷத்தில் பிறந்த எடை மூணு மடங்காகும், சரி. ரெண்டு வயசுக்கு மேல் வருஷத்துக்கு ஏறுவதே சுமார் ரெண்டு கிலோதான், பசியும் அதற்கேற்பக் குறையும். டாக்டர் எடை வரைபடத்தை எடுத்துக் காட்டி இதையே சொன்னார். அதற்குப் பதில், "அந்த டாக்டருக்கு என்ன தெரியும்."

இதெல்லாம் காலையில். சாயங்காலம் எல்.கே.ஜி. டைரியைத் திறந்தால் வேற முகம். டப்பாவைத் திறக்கத் தெரியவில்லை, பென்சில் பிடிக்க வரவில்லை என்று மிஸ் எழுதியிருக்கிறார். உடனே வீட்டுக்காரர் ஸ்கேலை எடுக்கிறார்! ஏங்க, பிய்க்கவும் பிசையவும் விடாத விரலுக்குப் பிடி எங்கிருந்து வரும்? நாலு வயதில் ஒரு கூட்டல் குறியைப் பார்த்துப் போட்டாலே நல்ல வளர்ச்சி, முக்கோணமெல்லாம் அஞ்சு வயது சமாச்சாரம். இங்கே மூணே முக்காலில் நாலு கோட்டுக்குள் எழுத்து நிற்கவில்லையே என்று அடி.

1960-களில் டயானா பாம்ரிண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர் நர்சரிப் பிள்ளைகளையும் அவர்களைப் பெற்றவர்களையும் கவனித்து, மிரட்டி வளர்ப்பவர்கள், செல்லம் கொடுத்து விட்டுவிடுபவர்கள், அன்போடு கண்டிப்பவர்கள் என்று மூணு வகை பிரித்தார். மூணாவது வகை வீட்டுப் பிள்ளைகள்தான் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொண்டார்களாம். எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் பாவம், நோட்டை மூடிவிட்டுக் கிளம்பியிருப்பார். காலை எட்டு மணிக்குச் செல்லம், சாயங்காலம் ஆறு மணிக்கு ஸ்கேல், ஆனால் வீடு அதே வீடு. அந்தக் குழந்தை எதை நம்பும்?

இன்று காலை போனை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டேன். தட்டை அவள் முன்னால் வைத்தேன். ஒன்றரை இட்லி தின்றாள், மிச்சத்தைக் காக்காவுக்கு வைக்கச் சொன்னாள். அத்தை இதுவரை என்னோடு பேசவில்லை.