ஊசி பாலை உண்டாக்காது, இறக்கத்தான் செய்யும்

பால் கறக்க மாட்டுக்குப் போடும் ஆக்சிடோசின் ஊசிக்குக் கட்டுப்பாடு வந்ததால் காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் மாட்டுக்கு இரண்டு லிட்டர் பால் குறைந்து, மாடு வைத்திருப்பவர்கள் நட்டப்படுகிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பலர் பகிர்ந்தும் விட்டார்கள். நட்டம் உண்மையாக இருக்கலாம், தவிடு, புண்ணாக்கு விற்கிற விலை அப்படி. ஆனால் காரணம் அதுவல்ல.

அந்த ஊசி புதிதாகப் பால் சுரக்க வைப்பதில்லை. மடியில் ஏற்கனவே ஊறி நிற்கும் பாலை இறக்கிவிடும், அவ்வளவுதான். கன்று முட்டி ஊட்டும்போது மாட்டின் மூளையிலிருந்து இதே ஆக்சிடோசின்தான் ரத்தத்தில் வருகிறது. தினமும் ஊசி போட்டுப் பழகிய மாடு ஊசியில்லாமல் பால் இறக்க மறுக்கும். நிறுத்திய முதல் சில நாள் கறவை குறைவதைத்தான் 'இரண்டு லிட்டர் போச்சு' என்கிறார்கள் என்று நினைக்கிறேன். கன்று இறந்த மாட்டுக்குச் சிரமம் உண்டுதான், அதற்கு மருத்துவரைக் கேளுங்கள். நம் ஆட்கள் முன்பு வைக்கோல் கன்று செய்து நிறுத்தியதும் அதற்குத்தான்.

சரி பார்ப்பது சுலபம். ஊசி போடாமல், வெதுவெதுப்பான தண்ணீரில் மடியைக் கழுவி, கன்றை ஊட்டவிட்டு, பால் இறங்கியதும் கறந்து பாருங்கள். தீவனத்தை மாற்றாமல் இரண்டு வாரம் பால் சொசைட்டி ரசீதில் லிட்டரையும் கொழுப்பு அளவையும் பாருங்கள். சந்தேகமிருந்தால் அரசு கால்நடை மருந்தகத்தில் 'இந்த ஊசி பாலை உண்டாக்குமா, இறக்குமா' என்று ஒரே கேள்வி கேளுங்கள்.