கரிசல் மண்ணில் வீடு: மணல் நிரப்பினால் மட்டும் போதாது

“கரிசல் மண்ணில் அஸ்திவாரக் குழியை அகலமாகத் தோண்டி ஆற்று மணலை நிரப்பிவிட்டால் சுவர் வெடிக்காது, மண் பரிசோதனை வீண் செலவு” என்று வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது.

கரிசலில் உள்ள மாண்ட்மோரிலோனைட் என்னும் களிமண் கனிமம் நீரை உறிஞ்சி உப்பி, காயும்போது சுருங்குவதால்தான் கோவில்பட்டி, விருதுநகர் வட்டாரங்களில் கோடையில் நிலம் பாளம் பாளமாகப் பிளக்கிறது. இந்த ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 3.5 மீட்டர் ஆழம் வரை இருக்கக்கூடும். நான்கைந்து அடி மணல் அதற்குக் கீழுள்ள களிமண்ணைக் கட்டுப்படுத்தாது. மாறாக, மழைநீர் மணலுக்குள் எளிதாக இறங்கித் தேங்கி, அடிமண்ணை மேலும் உப்பச் செய்யலாம். மணல் நிரப்புவது பழைய பழக்கம் என்பது உண்மைதான். பழக்கம் என்பதாலேயே அது பாதுகாப்பாகிவிடாது.

பரிசோதனையும் மலைப்பான காரியமல்ல. சலித்து உலர்த்திய மண்ணில் 10 கிராம் வீதம் எடுத்து, ஒன்றை மண்ணெண்ணெயிலும் மற்றொன்றை வாலைவடிநீரிலும் (காய்ச்சி வடித்த தூய நீர்) அளவுக் குடுவைகளில் இட்டு வைப்பார்கள். மண்ணெண்ணெயில் மண் உப்பாது. ஆகவே இரு குடுவைகளிலும் படிந்த கன அளவுகளின் வேறுபாடே உப்பும் தன்மையைக் காட்டிவிடும்.

அடியில் குமிழ்போல் விரிந்த ‘அண்டர்-ரீம்டு’ பைல்களை (நிலத்துக்குள் இறக்கும் கான்கிரீட் தூண்கள்), அசைவில்லாத ஆழத்தில் ஊன்றி, மேலே சுவரைத் தாங்கிச் செல்லும் கிடைமட்டக் கான்கிரீட் உத்திரமான கிரேடு பீமுக்கும் மண்ணுக்கும் இடையே இடைவெளி விடுவது இத்தகைய நிலத்துக்கென ரூர்க்கி மத்திய கட்டட ஆய்வு நிறுவனம் வளர்த்தெடுத்த முறையாகும். உங்கள் மனைக்கு அது தேவையா என்பதை மண் அறிக்கையைப் பார்த்துப் பொறியாளர் முடிவு செய்ய வேண்டும்.