‘பிடுங்கினார்கள்’ என்றுதான் எழுதுவேன்

மூன்று நாட்களாகப் பொறுத்துப் பார்த்தேன், மனம் ஆறவில்லை. பாலக்கோடு சாலையில் தக்காளி ஏற்றி வந்த ஒரு தம்பியை நான்கு பேர் மறித்து, தவணை பாக்கிக்காக அவன் வண்டியைப் பிடுங்கிக்கொண்டு போனதை இங்கே எழுதியிருந்தேன். படித்திருப்பீர்கள். அதன் கீழே ஒரு நண்பர் என்னைத் திருத்துகிறார்: “பிடுங்கினார்கள் என்று எழுதாதீர்கள். தவணை கட்டாத வண்டியை சீஸ் செய்தார்கள், அதுதான் சரியான சொல்.” அதற்கு நாற்பது பேர் விருப்பக்குறி வேறு.

இருபத்தெட்டு ஆண்டுகள் பென்னாகரம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் நடத்தியவன் நான். அது சரியான சொல் அல்ல.

சீஸ் (seize) என்ற ஆங்கிலச் சொல் சட்டம் பெற்றெடுத்த பிள்ளை. 1066-ல் பிரான்சின் வடபகுதியிலிருந்து வந்த நார்மானியர்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அங்கே பிரெஞ்சு செல்வாக்குப் பெற்றது. அந்தப் பழைய பிரெஞ்சின் ‘செய்சிர்’ என்ற வினைதான் ஆங்கிலத்தில் சீஸ் ஆனது. அன்றைய சட்டத்தில் அதற்கு என்ன பொருள் தெரியுமா? ஒருவரை நிலத்தின் உடைமையில் அமர்த்துவது. ஆம், கொடுப்பது! அந்த உடைமைக்கு ‘சீசின்’ என்று பெயர். அந்தக் காலத்தில் நிலம் கைமாறும்போது விற்பவரும் வாங்குபவரும் அந்த நிலத்திலேயே போய் நிற்பார்கள். சாட்சிகள் பார்த்திருக்க, விற்பவர் ஒரு மண்கட்டியையோ மரக்குச்சியையோ எடுத்து வாங்குபவர் கையில் வைப்பார். நிலம் மாறிவிட்டது என்று அர்த்தம்.

இதை முதன்முதலாகப் படித்தபோது என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். ஒன்றரை ஏக்கர் மானாவாரியைக் கிரயம் வாங்கிய அன்று, பத்திர அலுவலகத்திலிருந்து வீட்டுக்கு வராமல் நேரே காட்டுக்குப் போனார். குனிந்து ஒரு பிடி செம்மண்ணை அள்ளித் துண்டின் முனையில் முடிந்துகொண்டார். ராகி அறுத்த தாள் அவர் காலைக் கீறி ரத்தம் வந்தது. அதைக்கூட அவர் கவனிக்கவில்லை. சீசின் என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதே இல்லை.

‘மொழி மாறும் ஐயா, இன்று அதற்கு எடுத்துக்கொள்வது என்றுதான் பொருள்’ என்பீர்கள். மாறும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சட்டத்தில் எடுப்பதற்கும் அதிகாரம் வேண்டும். நம் ஊரில் ஜப்தி என்கிறோமே, அரபியிலிருந்து வந்த சொல், அதற்கே முறை உண்டு. நீதிமன்ற ஆணையோடு அமீனா வருவார், பட்டியல் எழுதுவார். உரிமையியல் நடைமுறைச் சட்டம் 60ஆம் பிரிவு, விவசாயி பிழைப்புக்குத் தேவையான உழவுக் கருவியையும் மாட்டையும் விதை தானியத்தையும் ஜப்தி செய்யாமல் காக்கிறது. 1908-ல் வெள்ளைக்காரன் போட்ட சட்டத்துக்கு இருந்த இரக்கம் அது.

‘கடன் வாங்கினால் கட்ட வேண்டாமா?’ கட்ட வேண்டும். யார் இல்லை என்றார்கள்? ஒப்பந்தத்தைக் காட்டுங்கள், நோட்டீஸ் கொடுங்கள், முறைப்படி எடுங்கள். கடன் வசூலுக்கு அடியாட்களை அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே சொல்லிவிட்டது. நடுச்சாலையில் மறித்து, சட்டையைப் பிடித்து, சாவியை இழுத்துக்கொண்டு போவதற்கு சீஸ் என்று பெயர் சூட்டினால் அது முறையாகிவிடுமா? அந்த நான்கு பேருக்கு நீங்கள் ஏன் அமீனா வேடம் போட்டுவிடுகிறீர்கள்? அதுதான் எனக்கு வலிக்கிறது. அந்தத் தம்பியை அறியாதவர்கள் அல்ல நீங்கள், அவன் கொண்டுவந்த தக்காளியைச் சமைத்துச் சாப்பிட்டவர்கள்.

இருபத்திரண்டு கூடைகளைச் சாலையோரம் இறக்கி வைத்துவிட்டுத்தான் வண்டியை ஓட்டிப்போனார்கள். நான் போய்ச் சேர்ந்தபோது பதினொரு மணி வெயில். அடிக்கூடைகள் நசுங்கிச் சாறு தார்ச்சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. அவன் தன் சட்டையைக் கழற்றி மேல்கூடையின்மேல் நிழலுக்காக விரித்துவிட்டு, வெற்று உடம்போடு நின்றிருந்தான்.

பதிவைத் திருத்த மாட்டேன்.