கீழ்ப்பாக்கம் வசவுச் சொல்லா?

"இவனைக் கீழ்ப்பாக்கத்துலதான் சேர்க்கணும்!" கல்யாணப் பந்தியில் ஒருவர் யாரையோ சொல்ல, வரிசை முழுக்கச் சிரிப்பு. என் பக்கத்து இலையில் தம்பி. ஐந்து வருடமாக மனநோய்க்கு மாத்திரை எடுத்துக்கொண்டு ஒழுங்காக வேலைக்குப் போய்வருகிறவன். பாயசத்தை அப்படியே விட்டு எழுந்துவிட்டான்.

இன்னும் எத்தனை காலம் இதைக் கேட்பது? 1794இல் தொடங்கிய சென்னை மனநல மருத்துவமனை அது. நோய் தீர்க்கும் இடத்தின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறோமே!

சர்க்கரைக்கு மாத்திரை போட்டால் "வேளை தவறாம போடுப்பா" என்கிறார்கள். மனநோய்க்குப் போட்டால் "பழகிடும், நிறுத்திடு" என்கிறார்கள். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தி நோய் திரும்பி வந்தால் இவர்களா ராத்திரி முழுக்க விழித்திருப்பார்கள்? அப்புறம் அந்தக் கல்யாண யோசனை. "ஒரு கால்கட்டு போட்டா சரியாகிடும்." வருகிற பெண் என்ன மருந்தா? அவளுக்கு ஒரு வாழ்க்கை இல்லையா?

'பேய்க்கும் பார், நோய்க்கும் பார்' என்பார்கள். கயிறு, தாயத்து, மந்திரிப்பு என்று பேய்க்குப் பார்த்தே வருடங்கள் ஓடிவிடுகின்றன. நோய்க்கு எப்போதுதான் பார்ப்பது? 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், பிரார்த்தனையால் குணமாகும் என்று கூட்டிவந்த மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்தபோது, சங்கிலியில் கிடந்தவர்கள் ஓடக்கூட முடியாமல் கருகினார்கள். 28 உயிர். அதற்குப் பிறகுமா சிரிப்பு வருகிறது?

தம்பிக்குப் பாயசம் என்றால் உயிர். அதைக்கூட நிம்மதியாகச் சாப்பிட விடவில்லையே!