அந்தப் படத்தில் இருப்பவர் நியூட்டன் இல்லை

இரண்டு நாளாகச் சுற்றுகிற அந்த இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். கண்ணைக் கட்டி மண்டியிட வைத்த ஒரு வெள்ளைக்காரர், பின்னால் வாளை ஓங்கி நிற்கும் ஜப்பானியர், மேலே 'விமானி பில் நியூட்டனுக்கு வீரவணக்கம்'. அது நியூட்டன் இல்லை என்று போய்ச் சொன்னேன். "யாரா இருந்தா என்ன சார், உயிர் உயிர்தானே" என்று பதில் வந்தது. அந்தப் பதிலுக்கு லைக் வேறு குவிகிறது.

யாராக இருந்தால் என்னவா? அவர் லென் சிஃப்லீட். விமானியே கிடையாது, ஆஸ்திரேலியத் தரைப்படை சார்ஜன்ட். நியூ கினியின் ஐட்டாப்பே கடற்கரையில் 1943 அக்டோபர் 24 அன்று கொல்லப்பட்டார். நியூட்டனைக் கொன்றது அதே வருஷம் மார்ச் 29, நியூ கினியின் இன்னொரு ஊரான சலாமாவாவில். ஆள் வேறு, ஊர் வேறு, நாள் வேறு.

நியூட்டனுக்கு அப்போது 23 வயது. மெல்பர்ன் செயின்ட் கில்டாவில் பிறந்தவர், வேகப்பந்து வீச்சாளர். மார்ச் 16 அன்று சலாமாவாவில் தாழப் பறந்து குண்டு போட்டபோது அவருடைய பாஸ்டன் குண்டுவீச்சு விமானம் மோசமாக அடிவாங்கியது. அப்படியே தளத்துக்குக் கொண்டுவந்து இறக்கினார். இரண்டே நாளில் மறுபடி அதே சலாமாவா. இந்த முறை விமானம் தீப்பிடித்தது. கூட இருந்தவர்கள் பிழைக்கட்டும் என்று, எரிகிற விமானத்தைக் கரையோரமாகவே ஓட்டிக்கொண்டு போய்க் கடலில் இறக்கினார். கூட இருந்த இருவரில் ஈஸ்ட்வுட் பிழைக்கவில்லை. நியூட்டனும் மற்றவரான லயனும் கரையேறி ஜப்பானியரிடம் பிடிபட்டார்கள், இருவரையுமே கொன்றார்கள். நியூட்டனுக்கான விக்டோரியா கிராஸை, போர் வீரத்துக்கான மிக உயர்ந்த விருதை, 1945இல் அவருடைய அம்மாதான் வாங்கிக்கொண்டார்.

வீரவணக்கம் போட்டவர்கள் இதில் ஒரு வரியாவது எழுதினார்களா?

எங்கள் சித்தப்பா இறந்தபோது கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் அச்சகத்தில் வேறொருவர் படத்தைப் போட்டுவிட்டார்கள். தெருமுனைச் சுவரில் பசை காய்வதற்குள் அப்பத்தா பார்த்துவிட்டது. "இது எம்புள்ள இல்லடா, கிழிங்கடா" என்று நகத்தாலேயே சுரண்ட ஆரம்பித்தது. பெயர் சரியாத்தானே இருக்கு என்று சமாதானம் சொன்ன மாமாவோடு அப்புறம் அது பேசவேயில்லை. உயிர் உயிர்தானே என்று அப்பத்தாவிடம் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்துப் பத்திரிகைகளே நியூட்டன் என்றுதானே போட்டன என்று கேட்பீர்கள். உண்மைதான். 1944இல் அந்தப் படம் அமெரிக்கர்கள் கையில் கிடைத்தபோது ஆள் யாரென்று தெரியாமல் குழம்பினார்கள். இன்று தேடினால் ஒரு நிமிஷத்தில் பெயர் வருகிறது. தெரிந்த பிறகும் மாற்ற மாட்டேன் என்பதற்குப் பெயர் குழப்பமா? எண்பது வருஷத்துக்கு முந்திச் செத்த வெள்ளைக்காரனுக்கு உனக்கென்ன அழுகை என்று கேட்டவருக்கு நான் பதில் சொல்லப் போவதில்லை.

வெள்ளைக்காரன் என்றதும் இன்னொன்று உறுத்துகிறது. சிஃப்லீட்டோடு அன்றைக்கு அதே கடற்கரையில் இன்றைய இந்தோனேசியாவின் அம்பான் தீவுக்காரர்கள் இரண்டு பேரையும் தலை வெட்டிக் கொன்றார்கள். பட்டிவால், ரெஹாரிங். நம்மைப் போன்ற கறுத்த தோல்காரர்கள், அதே குழுவில் அதே ஆபத்துக்குப் போனவர்கள். அவர்களுக்கு இங்கே வீரவணக்கம் போட்ட ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. இந்த இரண்டு பெயரையும் அந்தப் பதிவின் கீழே எழுதினேன், அழித்துவிட்டார்கள். மறுபடி எழுதினேன், என்னை ப்ளாக் செய்துவிட்டார்கள்.

அந்தப் பக்கத்தில் இருக்கும் நண்பர்கள் யாராவது போய்ச் சொல்லுங்கள். படத்தை வைத்துக்கொள்வதானால் லென் சிஃப்லீட் என்று போடட்டும், கூடவே பட்டிவால், ரெஹாரிங் பெயரையும் சேர்க்கட்டும். நியூட்டனுக்கு அவருடைய சொந்தப் படமே இருக்கிறது, சீருடையில். அதைப் போடட்டும்.