வாஜிர் சந்தைப் பெண்கள்
வறட்சி வந்தால் மோதலும் வந்தே தீரும் என்று சொல்வதுண்டு. பாதி உண்மைதான். வடகிழக்குக் கென்யாவின் வாஜிரில் 1990களின் தொடக்கத்தில் கடும் வறட்சி. கால்நடைகள் மடிந்தன, சோமாலிக் குலங்களிடையே துப்பாக்கிச் சண்டை. அதைத் தணிக்க முன்வந்தவர்கள் வாஜிரைச் சேர்ந்த தெகா இப்ராஹிம் அப்தியும் அவருடன் சேர்ந்த பெண்களும். எந்தக் குலத்துப் பெண்ணும் சந்தையில் அச்சமின்றி வாங்கவும் விற்கவும் முதலில் வழிசெய்தார்கள். அதற்குப் பிறகே குலப் பெரியவர்களை உட்காரவைத்துப் பேசினார்கள். 1993இல் குலங்களிடையே அமைதிக்கான அல் ஃபத்தா உடன்படிக்கை உருவானது. (அமைதி பற்றிய நம் கருத்தரங்குகளோ உடன்படிக்கையில்தான் தொடங்குகின்றன!) பின்னாளிலும் அங்கே மோதல்கள் வெடித்தன, மறுக்கவில்லை. ஆனாலும் வறட்சிப் பகுதிகளுக்கு நிதி தருபவர்கள் கிணறு வெட்டுவதோடு நிறுத்தாமல், அதில் யார் எப்போது நீர் இறைப்பது என்று பேசித் தீர்க்கும் குழுக்களுக்கும் கொஞ்சம் ஒதுக்கலாமே?